விறைப்பின் அளவும் பயணத்தின் சமநிலையும்: மாரிஸ் ஆலியின் தொங்கமைப்புச் சோதனைகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மோட்டார் ஊர்தித் தொங்கமைப்பின் தொடக்க வரலாறு, கடினமான விற்களிலிருந்து மென்மையான விற்களை நோக்கிய நேர்கோட்டு வளர்ச்சியாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் வில்லின் விறைப்பை அளந்தறிந்ததே திருப்புமுனையாகக் காட்டப்படுகிறது. இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. தனித்த வில்லின் விறைப்புச் சோதனை எதனைக் காட்டியது, எதனை மறைத்தது என்பதையும், 1930களின் தொடக்கத்தில் மாரிஸ் ஆலி காடிலாக் நிறுவனத்தில் நடத்திய சோதனைகள் கேள்வியையே எவ்வாறு மாற்றின என்பதையும் ஆராய்கிறது. ஆலியின் முடிவு எந்தச் சுமைக்கும் வேகத்திற்கும் பொருந்தும் என்ற வரம்பையும் கணக்கிட்டுக் காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: தொங்கமைப்பு, பட்டைவில், விறைப்பு, தயக்கம், அலைவெண், மாரிஸ் ஆலி, லாஞ்செஸ்டர்.

முன்னுரை

வில்லின் நீட்சி அதன்மீது செயற்படும் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்டப் பட்டைவில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்கென உருவான இப்பட்டைவில்லே, சிறுசிறு மாற்றங்களோடு, தொடக்ககால மோட்டார் ஊர்திகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, மோட்டார் ஊர்தி தோன்றியபோது வில்லின் விதியும் இருந்தது, வில்லும் இருந்தது, விசையையும் வளைவையும் அளக்கும் முறையும் இருந்தது. ஆயினும் பயணம் இதமாக அமையவில்லை. அளக்கத் தெரிந்திருந்தும் பல பத்தாண்டுகள் ஏன் தாமதம் நேர்ந்தது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

இவ்வினாவுக்கு வழக்கமாகத் தரப்படும் விடை, போதிய எஃகும் எந்திரங்களும் அன்று இல்லை என்பதாகும். அவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. அளக்கப்பட்ட பொருளும் அறிய வேண்டிய பொருளும் வேறுவேறாக இருந்தன என்பதே முதன்மையான காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. கலைச்சொற்கள் பற்றிய தெளிவு

தமிழில் இத்துறையைப் பற்றி எழுதும்போது சொற்களே சில குழப்பங்களை உண்டாக்குகின்றன. ‘வில்வண்டி’ என்னும் வழக்கு, பட்டைவில் பொருத்திய மாட்டுவண்டியைக் குறிக்க நம்மிடையே நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. வண்டிக்கும் அச்சுக்கும் இடையில் வளைந்து நிமிரும் உறுப்பை ‘வில்’ என அழைத்தது பொருத்தமான பெயரீடு. ஆனால் பள்ளி இயற்பியலில் விசைக்கும் நீட்சிக்கும் உள்ள விகிதம் ‘சுருள்மாறிலி’ எனப்படுகிறது. பட்டைவில்லில் சுருள் ஏதும் இல்லை. எனவே இக்கட்டுரை ‘விறைப்பு’ என்னும் சொல்லையே ஆள்கிறது. விறைப்பு வேறு, வலிமை வேறு என்பதையும் மனங்கொள்ள வேண்டும். வலிமை என்பது முறியாமல் தாங்கும் திறன். விறைப்பு என்பது ஓர் அலகு வளைவுக்குத் தேவைப்படும் விசை. மிக வலிய வில் மிக மென்மையாகவும் இருக்கலாம்.

‘அதிர்வு தாங்கி’ என்னும் தொடர் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. சாலையின் மேட்டில் சக்கரம் மோதும்போது அதிர்வைத் தாங்குவது வில். அதன் பின்னர் எழும் அலைவை அடக்குவது வேறோர் உறுப்பு. இரண்டாவது உறுப்புக்கு முதலாவதன் பணியைப் பெயராகச் சூட்டிய பிழை ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டது. இக்கட்டுரையில் அவ்வுறுப்பு ‘அலைவு ஒடுக்கி’ எனப்படும். கீழே காணவிருக்கும் வரலாற்றுக் குழப்பத்தின் ஒரு பகுதி இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

2. பட்டைவில்லின் விறைப்பும் அதன் சோதனையும்

இரு முனைகளிலும் தாங்கப்பட்டு நடுவில் சுமை ஏற்கும் அரைநீள்வட்டப் பட்டைவில்லின் விறைப்பு, யங் குணகம், பட்டைகளின் எண்ணிக்கை, பட்டையின் அகலம் ஆகியவற்றுக்கு நேர்விகிதத்திலும், பட்டைத் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், வில்லின் நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். அதன் எண்கெழு மூன்றில் எட்டாகும். எடுத்துக்காட்டாக, 1 மீட்டர் நீளமும் 50 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் உடைய 6 பட்டைகளால் ஆன வில்லைக் கொள்வோம். யங் குணகத்தைச் சதுர மில்லிமீட்டருக்கு 2,00,000 நியூட்டன் எனக் கொண்டால், விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 34.6 நியூட்டன் ஆகும். இதன்மீது 3,000 நியூட்டன் சுமை அமர்ந்தால் வில் 87 மி.மீ. தாழும், நிமிடத்திற்கு ஏறத்தாழ 101 முறை அலைவுறும்.

தடிமன் 6 மி.மீ. என்பதற்கு மாறாக 6.3 மி.மீ. என அமைந்தால் விறைப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடிவிடுகிறது. மும்மடி விதியின் விளைவு இது. உருட்டாலையில் நேரும் சிறு வேறுபாடு, ஒரே வரைபடத்தின்படி செய்த இரு விற்களை இருவேறு விற்களாக்கிவிடும். ஆகவே கணக்கீட்டை மட்டும் நம்ப இயலாது. செய்த வில்லைச் சோதித்தே ஆகவேண்டும். சோதனைமுறை எளிமையானது. வில்லைத் தாங்கிகளில் வைத்து, சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் தாழ்வை அளப்பர்; பின்னர் அதே படிகளில் சுமையை இறக்கி மீண்டும் அளப்பர்.

இங்கேதான் கருத்தூன்ற வேண்டிய செய்தி உள்ளது. ஏற்றும்போது கிடைக்கும் கோடும் இறக்கும்போது கிடைக்கும் கோடும் ஒன்றன்மீது ஒன்று படிவதில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து நகர்வதால், ஏற்றும்போது கூடுதல் விசையும் இறக்கும்போது குறைந்த விசையும் பதிவாகின்றன. இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட கண்ணியே தயக்கம் எனப்படுவது. விறைப்பைக் கூற விரும்பும் சோதனையாளர் இரு கோடுகளின் நடுக்கோட்டை எடுத்து, அதன் சாய்வை ஒற்றை எண்ணாகத் தருவார். கண்ணியின் அகலம் பிழை என ஒதுக்கப்படும்.

ஒதுக்கப்பட்ட அந்த அகலமே பயணத்தில் பெரும்பங்கு வகித்தது. மேற்கண்ட வில்லில் உராய்வு, சுமையில் 5 விழுக்காடு எனக் கொள்வோம். அப்போது ஏற்றக் கோட்டிற்கும் இறக்கக் கோட்டிற்கும் இடையே 300 நியூட்டன் வேறுபாடு இருக்கும். அதனினும் குறைந்த விசை மாற்றத்தை உண்டாக்கும் சிறு கற்களும் சிறு அலைகளும் வில்லை அசைக்கவே மாட்டா. அத்தகைய சாலையில் வில் ஒரு திண்மக் கட்டையைப் போல் நிற்க, முழு ஊர்தியும் டயரின் மீள்தன்மையை மட்டும் நம்பித் துள்ளும். சோதனைக் கூடத்தில் மென்மையானதெனச் சான்று பெற்ற வில், செப்பனிட்ட நகரச் சாலையில் கடினமாக உணரப்பட்டதற்கு இதுவே காரணம். பெரிய பள்ளங்களில் மட்டுமே அவ்வில் தன் அளந்த விறைப்போடு செயற்பட்டது.

மறுபுறம், அதே உராய்வுதான் பெரிய அலைவுகளை அடக்கியும் வந்தது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு டி மாதிரி, முன்னும் பின்னும் ஒவ்வொரு குறுக்குப் பட்டைவில்லைக் கொண்டு, தொழிற்சாலையில் பொருத்திய அலைவு ஒடுக்கி ஏதுமின்றி ஓடியது. பட்டைகளின் உராய்வே அங்கு ஒடுக்கியாகப் பணிபுரிந்தது. பட்டைகளுக்கிடையே மசகிட்டால் வில் மென்மையாகும். ஆனால் ஊர்தி நெடுநேரம் ஊசலாடும். துருவும் சேறும் ஏறினால் ஊசலாட்டம் குறையும், அதிர்ச்சி கூடும். பிரான்சில் த்ரூஃபோ வடிவமைத்து, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு பரப்பிய உராய்வுத் தட்டு ஒடுக்கிகளும், பின்னர் வந்த நீர்ம ஒடுக்கிகளும் இந்தப் பணியை வில்லிடமிருந்து படிப்படியாகப் பிரித்தெடுத்தன. வில் தாங்கவும், ஒடுக்கி அடக்கவும் எனப் பணிகள் பிரிந்த பின்னரே, விறைப்பு என்னும் ஒற்றை எண் உண்மையான பொருளைப் பெற்றது எனலாம்.

3. லாஞ்செஸ்டரின் நடை ஒப்புமை

விறைப்பை அளப்பது ஒன்று. எவ்வளவு விறைப்பு வேண்டும் என முடிவு செய்வது மற்றொன்று. பிர்மிங்காமைச் சேர்ந்த ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் இரண்டாவது வினாவை மிக முன்னதாகவே எழுப்பியவர். அவரது ஊர்திகள் நீண்ட நெம்புவிற்களையும், அச்சை நேராக இயங்கச் செய்யும் இணைகோல்களையும் கொண்டு, சமகால ஊர்திகளைக் காட்டிலும் மெதுவான அலைவைப் பெற்றிருந்தன. வில்லைச் சுமை தாங்க மட்டும் விட்டு, அச்சின் திசையைக் காக்கும் வேலையைக் கோல்களிடம் ஒப்படைத்தது அவரது தனிச்சிறப்பு.

மனித உடல் நடையின் ஏற்ற இறக்கத்திற்குப் பழகியிருப்பதால், ஊர்தியின் அலைவும் அந்த அளவில் அமைய வேண்டும் என்னும் கருத்து லாஞ்செஸ்டரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. மனிதனை அளவுகோலாக்கியதால் இக்கருத்து கவர்ச்சியுடையது; ஆனால் எண்களோடு ஒப்பிட்டால் தளர்வடைகிறது. இயல்பான நடையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முதல் 120 அடிகள் வைக்கிறோம். ஒவ்வோர் அடிக்கும் உடல் ஒருமுறை உயர்ந்து தாழ்கிறது. பின்னாளில் இதமானவை எனக் கொள்ளப்பட்ட ஊர்திகளின் அலைவோ நிமிடத்திற்கு 60 முதல் 80 வரையே. மேலும் நடப்பவர் தம் அசைவைத் தாமே உண்டாக்கி, முன்கூட்டியே உணர்ந்து, கால்களால் சரிசெய்கிறார். அமர்ந்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே நடை ஒப்புமை, கண்டறிந்த அளவுக்குத் துணைநின்ற ஒரு விளக்கமே தவிர, அளவைத் தருவித்த நெறியன்று. வடிவமைப்பாளராக லாஞ்செஸ்டர் பெற்ற வெற்றியை இவ்வொப்புமையின் மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

4. ஆலியின் சோதனை ஊர்தி

வேல்சில் பிறந்த மாரிஸ் ஆலி, ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் ஹென்றி ராய்சின் கீழ்ப் பணியாற்றி, பின்னர் அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் பொறுப்பேற்றவர். 1930இல் அவர் காடிலாக் நிறுவனத்தில் சேர்ந்தார். ரோல்ஸ்-ராய்ஸ் பொறியாளர்கள் முழு ஊர்தியையும் மேலிருந்து ஊசலைப் போலத் தொங்கவிட்டு ஆட்டி, அதன் நிலைமத் திருப்புத்திறனை அளந்திருந்தனர். வில்லைக் கழற்றித் தனியே சோதிக்கும் மரபிலிருந்து, ஊர்தியை முழுமையாகச் சோதிக்கும் மரபுக்கு இது ஒரு நகர்வு. அந்த அணுகுமுறையை ஆலி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்.

1932இல் அவரது குழுவினர், எழுவர் அமரும் பெரிய ஊர்தி ஒன்றின் முன்னும் பின்னும் நகர்த்தத்தக்க எடைகளைப் பொருத்தினர். எடைகளை இடம் மாற்றுவதன் வழியாக, முன்வில் பின்வில் தாழ்வுகளையும், ஊர்தி முன்பின்னாக ஆடுவதற்கு எதிரான நிலைமத்தையும் விரும்பியவாறு மாற்ற முடிந்தது. சுழற்சி ஆரத்தின் இருமடியைக் கருத்திற்கொண்ட அமைப்பாதலின், அதற்கு ‘கே இருமடி’ என்னும் குறியீட்டுப் பெயர் வழங்கியது.

இச்சோதனையின் உள்ளீடு இதுதான். சுழற்சி ஆரத்தின் இருமடியானது, ஈர்ப்பு மையத்திலிருந்து முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள தொலைவுகளின் பெருக்கத்தொகைக்குச் சமமாக இருந்தால், ஊர்தியின் முன்முனையும் பின்முனையும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே அலைவுறும். இயந்திரமும் பயணிகளும் இரு அச்சுகளுக்கு இடையில் நெருங்கி அமைந்த பழைய ஊர்திகளில் இவ்விகிதம் ஒன்றைவிடக் குறைவு. அதனால் முன்பின் ஆட்டம் விரைவாகவும் வெட்டுவது போலவும் இருந்தது. எடையை முனைகளை நோக்கி நகர்த்தியபோது அது தணிந்தது. 1934இல் கிரைஸ்லர் ஏர்ஃபுளோ ஊர்தியில் இயந்திரம் முன்னச்சின்மேல் நகர்த்தப்பட்டதையும் இத்தொடர்பில் கருத வேண்டும்.

சோதனையின் முதன்மை முடிவு அன்றைய நடைமுறைக்கு நேர்மாறானது. அக்காலத்தில் முன்வில் விறைப்பாகவும் பின்வில் மென்மையாகவும் அமைப்பதே வழக்கம். முன்வில் பின்வில்லைக் காட்டிலும் மென்மையாக அமைந்தால் மட்டுமே, ஊர்தி முன்பின்னாகக் குதிக்காமல் சமதளமாக எழுந்து தாழும் என ஆலியின் குழு கண்டது. எந்த ஒரு வில்லின் விறைப்பும் தன்னளவில் நல்லதோ தீயதோ அன்று. மற்ற வில்லோடு அது கொள்ளும் உறவே பயணத்தைத் தீர்மானிக்கிறது. தனி வில்லைச் சோதனை மேசையில் எத்தனை முறை அளந்தாலும் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

முன்வில்லை மென்மையாக்கியவுடன் ஒற்றை முன்னச்சு இடர் தந்தது. சக்கரங்கள் பக்கவாட்டில் துடித்தன, திசைதிருப்பியும் நடுங்கியது. முன்சக்கரங்களை ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே தொங்கவிடுவதே இதற்குத் தீர்வாயிற்று. 1934ஆம் ஆண்டு மாதிரிகளில் காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் ஆகியவை நீள்குறுங்கை அமைப்பையும், செவர்லே, பான்டியாக் ஆகியவை துபொன்னே அமைப்பையும் பெற்றன. சார்பிலாத் தொங்கமைப்பு புதிய கண்டுபிடிப்பன்று. லான்சியா லாம்ப்டா 1922இலேயே அதனைக் கொண்டிருந்தது. ஆனால் ஆலி அவ்வமைப்பை வந்தடைந்த வழி வேறு: மென்மையான முன்வில்லைப் பயன்படுத்த முடியவேண்டும் என்னும் தேவையிலிருந்தே அவர் அதனை அடைந்தார். வரலாற்று நூல்கள் விளைவைப் போற்றும் அளவுக்கு இக்காரணத் தொடரைப் போற்றுவதில்லை.

5. சமதளப் பயணக் கோட்பாட்டின் வரம்பு

ஆலியின் முடிவு ஏன் செயற்படுகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். அச்சிடைத் தொலைவு 3.5 மீட்டர் உடைய ஊர்தி, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு மேட்டைக் கடக்கிறது. முன்சக்கரம் மோதி 0.21 நொடி கழித்துப் பின்சக்கரம் மோதும். முன்முனையின் அலைவுக்காலம் 1 நொடி. பின்முனை நொடிக்கு 1.2 முறை அலைவுறுவதால் அதன் அலைவுக்காலம் 0.83 நொடி. முன்முனை ஒன்றரை அலைவை 1.5 நொடியில் முடிக்கும். பின்முனை தாமதமாகத் தொடங்கியும் 1.46 நொடியில் முடித்துவிடும். அதாவது பின்முனை முன்முனையை எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்து எழுந்து தாழ்கின்றன. முன்பின் ஆட்டம் மேல்கீழ் அசைவாக மாறுகிறது.

இக்கணக்கே வரம்பையும் காட்டுகிறது. வேகம் மணிக்கு 30 கி.மீ. ஆனால் தாமதம் 0.42 நொடியாகும், பின்முனை எட்டிப் பிடிக்க ஏறத்தாழ இரண்டரை அலைவுகள் தேவைப்படும். அதற்குள் ஒடுக்கி அலைவையே அழித்திருக்கும். அடுத்தடுத்து மேடுகள் வரும் சாலையில் முதல் மேட்டின் கணக்கு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். ஆக, ஓரளவு நல்ல சாலையில், ஓரளவு விரைந்து, தனித்தனி மேடுகளைக் கடக்கும் ஊர்திக்கே இக்கோட்பாடு முழுமையாகப் பொருந்துகிறது.

சுமை பற்றிய வரம்பு இதனினும் முக்கியமானது. பின்முனை தாங்கும் எடை 40 விழுக்காடு கூடினால், அதன் அலைவெண் 1.2இலிருந்து 1.01ஆகக் குறைகிறது, முன்முனையின் அலைவெண்ணோடு ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது. எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு அங்கே மறைகிறது. எடை மிகுந்த ஏழிருக்கை ஊர்தியில் பின்னே இருவர் ஏறுவதால் பெரிய மாற்றம் நேராது. ஆனால் ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள சிறிய ஊர்தியில் நால்வர் ஏறினாலே மொத்த எடை பாதிக்குமேல் கூடிவிடும். சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஊர்தி எதுவோ, அதன் உரிமையாளர் எவரோ, அவருக்கேற்ற முடிவே பொதுவிதியாக எழுதப்பட்டது என்னும் ஐயம் இங்கு எழுகிறது.

இதற்கு எதிரிணையாக, 1948இல் வெளியான சிட்ரோயன் 2சிவியைச் சுட்டலாம். உழுத நிலத்தின் குறுக்கே ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அதன் உருவாக்கத்தில் பியர்-ஜூல் பூலாஞ்சே விதித்த நிபந்தனையாகப் பரவலாகக் கூறப்படுகிறது. உழவரின் ஊர்தியாகிய அதில் முன்சக்கரமும் பின்சக்கரமும் பக்கத்திற்கு ஒரு கிடைவில் தொகுதியால் இணைக்கப்பட்டன. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்முனையும் சற்றே உயர்த்தப்பட்டது. ஆலி கால அளவால் பெற்ற சமநிலையை, இவ்வமைப்பு நேரடி இணைப்பால் பெற முயன்றது. வேறு சாலையும் வேறு சுமையும் வேறு தீர்வைக் கேட்டன என்பதே இதன் பொருள்.

6. கருவியின்றி அளந்தமை

ஆலியின் சோதனையில் இன்றைய ஆய்வாளர் தயங்கக்கூடிய இடம் ஒன்றுண்டு. பயணத்தின் தரத்தை அளக்க அவர்கள் கருவி எதனையும் பயன்படுத்தவில்லை. எடைகளை மாற்றி, ஓட்டிப் பார்த்து, எப்போது நன்றாக உள்ளது எனத் தம்மைத்தாமே வினவிக்கொண்டனர். நல்ல பயணம் எது என்பதை எவரும் அறியாத நிலையில் அதுவே தக்க முறை என்னும் பொருள்பட ஆலி பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆல்ஃபிரட் ஸ்லோனின் தன்வரலாற்று நூலில் அவரது விளக்கம் இடம்பெற்றுள்ளது.

இதனை அறிவியல் குறைபாடாகக் காண்பது எளிது. ஆனால் விறைப்புச் சோதனையின் வரலாறு வேறு பாடத்தைத் தருகிறது. அளக்க முடிந்த எண்ணைத் தரத்தின் அடையாளமாகக் கொண்டதாலேயே தயக்கக் கண்ணி நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. அளக்கத் தெரியாததை அளந்ததாகக் காட்டாமல், மாறிகளை மட்டும் கட்டுப்படுத்தி, தீர்ப்பை உடலிடம் விட்டது ஆலியின் நேர்மை. குறை வேறிடத்தில் உள்ளது. தீர்ப்புக் கூறிய உடல்கள் சிலவே. அவையும் பொறியாளர்களின் உடல்கள். முதியவர், குழந்தை, பயணத்தில் குமட்டல் கொள்பவர் ஆகியோர் அத்தீர்ப்பில் இடம்பெற்றதற்கான குறிப்பு அவ்விளக்கத்தில் இல்லை. மிக மெதுவான அசைவே குமட்டலைத் தூண்டுவது என்பதால், மென்மையை மேலும் மேலும் கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை முட்டைக் கூடையாலும் அறிய முடியாது. முட்டைக்கு எலும்பு வலியோ தலைசுற்றலோ இல்லை.

முடிவுரை

1. பட்டைவில்லின் விறைப்புச் சோதனை சரியான எண்ணைத் தந்தது. ஆனால் உராய்வால் எழும் தயக்கத்தை ஒதுக்கியதால், பயணத்தை விளக்கப் போதாத எண்ணாகவே அது நின்றது.

2. லாஞ்செஸ்டரின் வடிவமைப்பு காலத்தை முந்தியது. அதற்குத் துணையாகச் சொல்லப்படும் நடை ஒப்புமை, எண்ணளவில் பொருந்தாத விளக்கமாகும்.

3. ஆலியின் உண்மையான பங்களிப்பு மென்மையான வில் அன்று. முன்வில், பின்வில், எடைப் பரவல் ஆகியவற்றின் உறவை ஆய்பொருளாக்கியதே அவரது பங்களிப்பு.

4. அவரது சமதளப் பயண விதி, குறிப்பிட்ட வேகத்திற்கும் சுமைக்கும் உட்பட்டது. அவ்வரம்பைச் சொல்லாமல் விதியை மட்டும் கற்பிப்பது முறையன்று.

நம் தொழில்நுட்பக் கல்வியில் வில்லின் சூத்திரத்தைக் கற்பிக்கும்போது, ஏற்றக் கோட்டோடு இறக்கக் கோட்டையும் மாணவர் வரைந்து பார்க்கச் செய்தல் வேண்டும். இரு கோடுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தைப் பிழை எனக் கடந்துவிடாமல், அது எங்கே போயிற்று என வினவப் பழக்குதல் வேண்டும். அதற்குத் தேவையானவை ஒரு பழைய பட்டைவில்லும், சில எடைகளும், ஓர் அளவுகோலும் மட்டுமே. ‘அதிர்வு தாங்கி’ என்னும் சொல்லைத் திருத்துவதும் அப்பணியின் ஒரு பகுதியே. உறுப்பின் பெயர் அதன் பணியைச் சரியாகச் சொன்னால், வரலாற்றையும் சரியாகச் சொல்லத் தொடங்கலாம்.